ஆயாவின் சுருக்குப்பையில் 45 லட்சம்!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டு ஆயாவிடம் ஒரு சுருக்குப்பை உண்டு. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் முடிந்த ஏழு பழைய காசுகள். பொங்கலுக்குப் பொங்கல் வெளியே வரும். குத்துவிளக்கு, செம்புக் குடத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மறுபடியும் முடிந்துவிடுவார். வீட்டில் வேறு யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

பேரன் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தான். 'உங்க வீட்ல இந்த ராமர் காசு இருக்கா? நீங்க கோடீஸ்வரர்!' என்றது அது. ஆயாவின் முடிச்சிலும் அச்சு அசலாக அதே காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்ற ஆங்கில எழுத்து, 1818 என்று வருஷம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: 45 லட்சம் ரூபாய். பதிவுக் கட்டணம் 2,100 மட்டும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். மறுநாள் ஒரு சான்றிதழ் வந்தது, மேலே ரிசர்வ் வங்கியின் சின்னம். ஜிஎஸ்டி 18,500 கட்டினால் பணம் அக்கவுன்ட்டில் ஏறிவிடுமாம்.

அக்காவுக்கு நர்சிங் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. ஆயா காதிலிருந்த தோட்டைக் கழற்றிவிட்டார்.

"இத வச்சி கட்டுடா கண்ணு. வந்ததும் மூட்டுக்கலாம்."

தோடு அடகுக் கடைக்குப் போகாமல் காப்பாற்றியவர், அதே ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பது வருஷமாகப் பழைய காசு சேர்க்கிறவர். பேரன் மூச்சு விடாமல் கதையைச் சொல்லி முடித்தபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"விக்கிறது நீ, வாங்குறது அவங்க. அப்புறம் எதுக்குடா நீ பணம் கட்டுற?"

பையனிடம் பதில் இல்லை. "சரி, ஆயாவ அந்த முடிச்சோட வரச் சொல்லு" என்றார் வாத்தியார்.

முதலில் ராமர் காசையே எடுத்தார். கோயில் ஊர்களில் ருத்ராட்சம், சங்கு விற்கிற தரைக்கடைகளில் இதே மாதிரிக் காசுகளைப் பார்க்கலாம். ராமர், அனுமன், லட்சுமி, பிள்ளையார் என்று விதவிதமாக இருக்கும். 1616, 1717, 1818, 1839 என்று வருஷங்களும் விதவிதம். ஈஸ்ட் இந்தியா கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. இந்தியா முழுமைக்கும் பொதுவான நாணயம் என்பதே கம்பெனி ஆட்சியில் 1835-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன் சென்னை, வங்காளம், பம்பாய் என்று மாகாணத்துக்கு ஒரு நாணய முறை. 1818 என்று போட்டு ராமர் படத்தோடு விற்கப்படுவது பிற்காலத்தில் யாரோ பூஜைக்கும் வியாபாரத்துக்கும் செய்த வில்லை. பூஜையறையில் இருக்கட்டும், ஒரு தப்பும் இல்லை. சந்தையில் அதற்கு விலை கிடையாது.

"அப்போ கம்பெனிக் காசுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா சார்?"

இருக்கிறது. அதன் கதை ராமர் காசைவிட சுவாரஸ்யம். சென்னை மாகாணத்துக்காக 1808-ல் இங்கிலாந்தில் பத்து காசு, இருபது காசு என்று செம்பு நாணயங்கள் அடித்தார்கள். ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிப் பிடித்த கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து. அவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் சென்னைக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, குட்வின் மணல் திட்டில் புயலில் மாட்டி மூழ்கிப்போனது. நம் தாத்தாவுக்குத் தாத்தா சந்தையில் கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய சில்லறை, 175 வருஷம் கடலடியில் கிடந்தது. 1980-களில் முக்குளித்து எடுத்தார்கள். வந்தது ஒன்றிரண்டு அல்ல, லட்சக்கணக்கில்.

இருநூறு வருஷத்துக்கும் மேல் பழையது, கப்பல் விபத்தில் மீண்டது, பல காசுகள் ஒரு கை கூடப் படாதவை. விலை எகிறியிருக்க வேண்டுமே? எகிறவில்லை. கேட்கிற ஆளைவிடக் கிடைக்கிற காசு அதிகம். இன்றும் உலகம் முழுவதும் சாதாரண ஆட்கள் வாங்குகிற விலையில்தான் அது கிடைக்கிறது.

பழைய காசு என்றதும் எல்லோரும் செய்கிற தப்பு இங்கேதான். 'எத்தனை வருஷம் ஆச்சு?' என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, 'எத்தனை மிச்சம் இருக்கு?' என்று.

ஆயாவின் முடிச்சில் கறுப்பும் பச்சையுமாக ஒரு சின்னச் செம்புக் காசும் இருந்தது. தாத்தா கிணறு வெட்டும்போது மண்ணில் கிடைத்ததாம். ஒரு பக்கம் நின்றுகொண்டிருக்கிற குச்சி குச்சியான மனித உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. 'ஸ்ரீ ராஜராஜ' என்று படித்துக் காட்டினார் வாத்தியார். பேரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜனின் காசு! ஆயிரம் வருஷம்!

இந்தக் காசின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய். பையனால் நம்ப முடியவில்லை. சோழர் காலத்தில் அவ்வளவு அடித்திருக்கிறார்கள். தமிழகத்தில் பானை பானையாகக் கிடைத்திருக்கிறது, இலங்கையிலும் கிடைக்கிறது. ராஜராஜன் காசு வைத்திருப்பது பெருமைதான். அந்தப் பெருமைக்கு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான் ஆகும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த சங்ககாலக் காசுகள் தங்கமும் அல்ல, வெள்ளியும் அல்ல, ஈயம். எடைக்குப் போட்டால் டீக்கு ஆகாது. ஆனால் அதில் தமிழ்-பிராமி எழுத்தில் சேந்தன் என்று ஒரு குறுநிலத் தலைவனின் பெயர் இருக்கிறது. இந்தப் பக்கத்து மண்ணை ஆண்ட ஒருவன் தன் பெயரைத் தமிழில் போட்டு அடித்த காசு. அப்படிப்பட்டது எத்தனை இருக்கும் சொல்லுங்கள்.

மண்ணில் கிடைத்தது என்றதும் வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பூமிக்குள்ளிருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்து வரம்பு, சட்டத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. 2020-ல் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் 505 தங்கக் காசுகள் கிடைத்தபோதும், 2025 நவம்பரில் நம் ஜவ்வாது மலைக் கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியில் 103 தங்கக் காசுகள் கிடைத்தபோதும் அதிகாரிகள் வந்து எண்ணி எடுத்துக்கொண்டது இதனால்தான். ஏர் ஓட்டும்போது பானை தட்டுப்பட்டால் அன்றைக்கே தாசில்தார் ஆபீசுக்குச் சொல்லிவிடுவது நல்லது. மூடி மறைத்தால் தண்டனை உண்டு.

ஓட்டைக் காலணா இரண்டு இருந்தன. 1943 முதல் 1947 வரை, உலகப் போர்க் காலத்தில், செம்பை மிச்சப்படுத்த நடுவில் ஓட்டை போட்டு அடித்தது. கோடிக்கணக்கில் அடித்ததால் இன்றும் தட்டுப்பாடே இல்லை. 'பேரப் பிள்ளைங்க அரைஞாண்ல கோத்துவிடு ஆயா' என்று சிரித்தபடி ஒதுக்கி வைத்துவிட்டார்.

மிச்சம் மூன்று வெள்ளி ரூபாய்கள். 1862, 1911, 1918.

1918-ல் தொடங்கினார். அது முதல் உலகப் போர் முடிந்த வருஷம். போர்ச் செலவுக்கு நோட்டு அச்சடித்துத் தள்ளியிருந்தது ஆங்கில அரசு. மக்கள் நோட்டை நம்பாமல், வெள்ளி கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். கையில் வெள்ளி இல்லை. அமெரிக்கா தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களை, 25 கோடிக்கும் மேல், உருக்கி விற்றது. அவ்வளவும் இந்தியாவுக்காக. அந்த நெருக்கடியில் 1918 என்று வருஷம் போட்டு 40 கோடிக்கும் மேல் ரூபாய் அடித்தார்கள். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமானால் அது 1918 ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதற்காக அது சும்மா இல்லை. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஏறக்குறைய 10.7 கிராம். இன்றைய வெள்ளி விலையால் அதைப் பெருக்கினால் வருவதுதான் அடிவிலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. சாதாரண வருஷத்துக் காசுக்கு அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கவும் கூடாது. எடையை நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். நிறையக் குறைந்தாலும், காந்தம் ஒட்டினாலும் போலி.

1862 காசைப் பார்த்துப் பேரன் துள்ளினான், மூன்றில் பழையது அதுதான் என்று. இந்த வகை விக்டோரியா ராணி ரூபாய் 1862-ல் வந்தது. ஆனால் அடுத்த வருஷம் அச்சில் வருஷத்தை மாற்றவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. 1874 வரைக்கும் 1862 என்றே அடித்துக்கொண்டிருந்தார்கள்! ஒரே வருஷம் போட்ட காசு பன்னிரண்டு வருஷ உற்பத்தி. அதில் சின்னச் சின்னப் புள்ளிகளையும் பூ வேலைப்பாட்டையும் வைத்து எந்த வகை என்று பிரிப்பதற்கென்றே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. ஆயாவின் காசு அதிகம் கிடைக்கிற வகை.

பிறகு 1911-ஐ எடுத்தார். எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் அடித்த முதல் ரூபாய் அது. மன்னரின் மேலங்கியில் ஒரு பதக்கச் சங்கிலி, அதில் பொடியாக ஒரு யானை. செதுக்கியவர் கை கொஞ்சம் சறுக்கிவிட்டது. குட்டைக் காலும் சின்னத் தும்பிக்கையுமாக, பார்க்கிறவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. குறிப்பாக முஸ்லிம்கள் மனம் புண்பட, அரசு பயந்துபோனது. 94 லட்சம் அடித்ததில் ஏழு லட்சம் மட்டும்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை நிறுத்தி வைத்து உருக்கிவிட்டார்கள். 1912-லிருந்து யானைக்கு ஒழுங்கான தும்பிக்கையும் காதும் வந்தது. 'பன்றி ரூபாய்' என்றே பெயர் வாங்கிய 1911 ரூபாய்க்கு அன்றிலிருந்து மவுசு.

"அப்போ இதுக்கு லட்சம் வருமா சார்?"

ஏழு லட்சம் என்பது குறைந்த எண்ணிக்கை அல்ல, லட்சமெல்லாம் வராது. ஆனால் நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு வரும். யானையின் கால் தெளிவாகத் தெரிய வேண்டும், கிரீடத்தின் வேலைப்பாடு மழுங்காமல் இருக்க வேண்டும், அடித்த நாளின் பளபளப்பு மேலே ஓட வேண்டும். வாத்தியார் காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். மன்னரின் காதும் தாடியும் அவ்வளவாகத் தேயவில்லை. அதிகம் புழங்காத காசு. ஆனால் முகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள். உயிரில்லாத ஒரு வெண்மை.

"ஆயா, இத எதால தேச்ச?"

"புளியும் சாம்பலும்தான். எங்க மாமியார் சொல்லிக் குடுத்தது. ஏன், பளிச்சுனு இல்ல?"

பளிச்சென்றுதான் இருந்தது. அதுதான் பிரச்னையே. வெள்ளியும் செம்பும் காற்றுப் பட்டு மெல்ல நிறம் மாறும். வெள்ளியில் சாம்பல், நீலம், சில சமயம் வானவில் மாதிரிக்கூட ஒரு படலம் வரும். செம்பில் பழுப்பு. அந்தப் படலம் அழுக்கு அல்ல. உலோகத்தின் மேல் காலம் போர்த்திய போர்வை, அடியில் இருப்பதைக் காக்கிறது. புளியின் அமிலம் அதை அரித்து எடுத்துவிடும். சாம்பலும் பல்பொடியும் விபூதியும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்க மேல் தோல் போய்க்கொண்டே இருக்கும். காசு சேர்க்கிறவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். போன தோல் எந்த வைத்தியத்திலும் திரும்பாது. முப்பது நாற்பது பொங்கலில் அந்த ரூபாயின் மதிப்பில் பெரும்பகுதி வீட்டு முற்றத்திலேயே கழுவிப் போயிருந்தது.

நிலையைத் தரம் பிரிப்பதற்கென்று ஓர் அளவுகோலே இருக்கிறது. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் போடுகிற முறையைக் கொண்டுவந்தார். என்ன காசு என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்ததற்கு ஒன்று, குறையே இல்லாததற்கு எழுபது. ஒரே வருஷம், ஒரே அச்சு, எழுபது மார்க் காசு ஒரு மார்க் காசைப் போல எழுபது மடங்கு விலை போக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, மார்க் மட்டும் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. இங்கே வியாபாரிகள் 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'யூஎன்சி' என்று சொல்வதும் இதையொட்டித்தான். 'ஃபைன்' என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இந்தத் தொழிலில் ஃபைன் என்றால் நன்றாகவே தேய்ந்தது என்று அர்த்தம்.

புளிக்கு அடுத்த எதிரி பற்றவைப்பு. நம் பக்கத்தில் வெள்ளி ரூபாயைக் கொக்கி வைத்துக் காசு மாலையாகப் போடுகிற வழக்கம் இருந்தது. தங்கத்தில் ராணி காசை டாலராகக் கோத்தார்கள். சவரன் என்ற நம் சொல்லே 'சாவரின்' என்ற அந்த ஆங்கிலத் தங்கக் காசிலிருந்து வந்ததுதானே. நகையாக அதற்கு இருக்கிற மதிப்பு வேறு. காசாகப் பார்த்தால், ஈயம் பற்றவைத்த தடம் விழுந்ததுமே அது உலோக எடைக்கு இறங்கிவிடும். கொக்கியைப் பிடுங்கி ராவி எடுத்தாலும் தடம் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு கேட்டபிறகும் பேரனுக்கு ஆசை விடவில்லை. வீடியோவில் 1939 ரூபாய் என்று ஒன்று சொன்னார்களே, அதுவும் பொய்யா? பொய்யில்லை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ஒரு ரூபாய் நிஜமாகவே மிக அரிது, லட்சங்களில் பேசப்படுவது. அடுத்த வருஷமே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதே 1939 வருஷத்து அரை ரூபாயும் கால் ரூபாயும் சாதாரணம். அரிது என்பதாலேயே 1938 காசின் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிறவர்களும் உண்டு. யாராவது நீட்டினால் அந்த ஓர் எண்ணை மட்டும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மற்ற எண்களைவிட மெலிந்தோ, சுற்றிலும் பள்ளமாகவோ இருந்தால் வேலை நடந்திருக்கிறது.

வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012-ம் வருஷத்து ஐந்து, பத்து ரூபாய்க் காசு, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற லட்சக் கதைகளை வாத்தியார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேறொன்றை எடுத்துக் காட்டினார். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே வெளியிட்ட எச்சரிக்கை. பழைய காசு, நோட்டு விற்பனையில் தங்கள் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கமிஷன், வரி என்று சிலர் வசூலிக்கிறார்கள், தாங்கள் இந்த வியாபாரத்தில் ஈடுபடுவதும் இல்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது.

பேரன் அங்கேயே உட்கார்ந்து 1930-க்கு போன் செய்தான். சைபர் குற்றங்களுக்கான அந்த எண்ணில் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் பேங்கில் முடக்க வாய்ப்பு அதிகம். இவன் மூன்றாம் நாள் சொல்கிறான். புகார் எண் வந்தது. 2,100 இன்னும் வரவில்லை.

1918 ரூபாயை வெள்ளி விலைக்குப் போட்டார்கள். அது ஃபீஸுக்குக் காணாது, மிச்சத்துக்கு அப்பா சங்கத்தில் கடன் எழுதினார். தோடு ஆயாவின் காதுக்குத் திரும்பிவிட்டது. ராஜராஜன் காசை மட்டும் வாத்தியார் ஒரு சின்னப் பேப்பர் உறையில் போட்டு, கிடைத்த இடத்தை மேலே எழுதி, தாசில்தார் ஆபீசில் தகவல் சொல்லிவிடு என்று பேரன் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் கவரில் போடாதே, சில வகைப் பிளாஸ்டிக் செம்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும் என்றார்.

1911-ஐ விற்க வேண்டாம் என்று ஆயாவே சொல்லிவிட்டார். அக்கா கல்யாணத்துக்காம். முடிச்சைக் கட்டும்போது ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு.

"பொங்கலுக்கு வெறும் தண்ணி ஊத்திக் கழுவலாமா வாத்யாரே?"

"கழுவவே வேணாம். ஓரத்தப் பிடிச்சு எடுத்து, பொட்டு வைக்காம கும்பிட்டுட்டு வச்சிடு."